பிடித்த பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள்

திருவனந்தபுரத்தில் வீட்டுத் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் பிளாட் வரவேற்பறையிலும் சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் டீச்சர்மாருக்கும் மாஷ்மாருக்கும்,



விஜயதசமி நெருங்குகிறது. பத்மநாபபுரம் சரஸ்வதியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் வழக்கம்போல எல்லை தாண்டி ஊர்வலமாக வந்து, நவராத்திரி முழுக்க நம் ஊரில் தங்குவார்கள். பத்தாம் நாள் காலையில் அரிசியில் விரல் பதித்து எழுத்தைத் தொடங்கும் குழந்தைகளில் பலர், அன்றைக்கே வெற்றிலை பாக்கும் தட்சிணையுமாக உங்கள் வாசலுக்கும் வருவார்கள். நாலு வயது, ஐந்து வயதுக் குழந்தைகள். 'ஸ ப ஸ' என்று சுருதி சேர்த்து ஒரு தடவை பாட வைத்து அனுப்புவீர்கள். அடுத்த வாரம் வகுப்பு தொடங்கிவிடும்.

அந்த அடுத்த வாரத்தைப் பற்றித்தான் இந்த மடல். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரளி வரிசைக்கு முன்னால் குழந்தையிடம், "உனக்குப் பிடித்த பாட்டு எது? பாடு, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அது ரஜினி படப் பாட்டாக இருக்கலாம். ஃபகத் ஃபாசில் படப் பாட்டாக இருக்கலாம். பேபி ஷார்க்காகவும் இருக்கலாம். எதுவானாலும் முகம் சுளிக்காமல் கடைசிவரை கேளுங்கள். கேட்டபின், முதல் பாடத்தை அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குங்கள்.

நான் சங்கீதம் படித்தவள் இல்லை. கரமனைப் பக்கம், தமிழ் பேசும் வீடு. மகள் யூகேஜி. பாட்டு கிளாஸ் முடியும்வரை திண்ணையில் காத்திருக்கும் அம்மாக்களில் ஒருத்தி. திண்ணையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: உள்ளே நடப்பதும் காதில் விழும், வெளியே வந்ததும் நடப்பதும் காதில் விழும். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் என்னை எழுத வைத்தது.

உள்ளே பாயில் சின்னக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். போனில் சுருதிப் பெட்டி ஆப் ஓடும். டீச்சர் 'ஸ ரி க ம' என்று பாட, பின்னாலேயே ஒரு முனகல் எழும். ஒரு பையன் வாயைத் திறக்கவே மாட்டான். சுவரில் போகும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பான். "இவனுக்கு ஞானம் போதாது, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அவனுடைய அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அதே பையன் வகுப்பு முடிந்து ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏறி நின்றதும் 'ஜெயிலர்' படத்து 'ஹுக்கும்' பாட்டைத் தொடங்குவான். பாட்டின் வரிகளை அவன் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. டிரம்ஸையும் நடுவே வரும் இசையையும் வாயாலேயே வாசிப்பான். குரல் உள்ளே வருவதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம் இருக்குமே, அந்த இடத்தில் சரியாக நிறுத்தி, கையை ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரில் ஓங்கித் தட்டிவிட்டுத் தொடர்வான். ஒரு நாளும் முந்தியதில்லை, ஒரு நாளும் பிந்தியதில்லை.

காலப்பிரமாணம் என்று நீங்கள் சொல்வது இதைத்தானே? தாளத்தில் நிற்பது, எடுப்பைப் பிடிப்பது, மௌனத்தையும் எண்ணிக்கையில் சேர்ப்பது எல்லாம் அவனிடம் இருக்கிறது. வகுப்புக்குள் அதைக் கேட்பார் இல்லை, அவ்வளவுதான். ஞானம் போதவில்லை என்ற தீர்ப்பு அவன் பாடாத பாட்டை வைத்து எழுதப்பட்டது. அவன் பாடும் பாட்டைக் கேட்டிருந்தால் வேறு தீர்ப்பு வந்திருக்கும்.

சின்னக் குழந்தையின் ரசனையை நாம் பொதுவாக இரண்டு விதமாகத் தள்ளிவிடுகிறோம். "அதற்கு என்ன தெரியும்" என்பது ஒன்று. "டீவியும் போனும் கெடுத்துவிட்டன" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மைகூட இல்லை. குழந்தையின் காது வேலையைத் தொடங்குவது பிறப்பதற்கு முன்பே. பீட்டர் ஹெப்பர் என்ற உளவியலாளர் பெல்ஃபாஸ்டில் செய்த ஓர் ஆய்வு 1988-ல் வெளிவந்தது. கர்ப்பகாலத்தில் 'நெய்பர்ஸ்' என்ற டீவி தொடரை விடாமல் பார்த்த தாய்மார்களின் குழந்தைகள், பிறந்த சில நாட்களில் அந்தத் தொடரின் முகப்பு இசையைக் கேட்டதும் அழுகையை நிறுத்திக் கவனித்தன. அந்தத் தொடரைப் பார்க்காத தாய்மார்களின் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை. வயிற்றில் இருக்கும்போதே சீரியல் பாட்டைப் படித்துக்கொண்டுதான் குழந்தை வருகிறது. ஐந்து வயதில் உங்கள் பாயில் வந்து உட்காரும்போது அது வெற்றுப் பலகை இல்லை. ஐந்து வருஷக் கேள்வி ஞானம் அதற்குள் இருக்கிறது. அது நமக்குப் பிடித்த ஞானமா என்பது வேறு கேள்வி.

இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேரடியாகவே உதவும். எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹப்பும் 2005-ல் வெளியிட்டது. வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு பால்கன் நாட்டுப்புற இசையைப் போட்டுக் காட்டினார்கள். ஏழு எண்ணிக்கை போன்ற ஒற்றைப்படைத் தாளங்கள் அங்கே சகஜம். நடுவே தாளத்தைக் கொஞ்சம் குலைத்தபோது ஆறு மாதக் குழந்தைகள் அதைக் கண்டுகொண்டன. அமெரிக்கப் பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு வயதான குழந்தைகளுக்கும் பிடிபடவில்லை. ஆனால் ஒரு வயதுக் குழந்தைகளின் வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைப் போட்டுக் கேட்க வைத்ததும் அவர்களுக்கு அது திரும்பிவந்தது. அதே அளவு கேட்ட பெரியவர்களுக்கு அப்படி வரவில்லை.

மிச்ரசாபும் கண்டசாபும் தினமும் கையில் போடுகிறவர்கள் நீங்கள். இதன் பொருள் எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். எல்லாத் தாளத்துக்கும் இடம் வைத்துத்தான் காது பிறக்கிறது. கேட்காதவற்றை அது மெல்ல மெல்ல விட்டுவிடுகிறது. இங்கிலாந்தின் டேவிட் ஹார்கிரீவ்ஸ் 1982-லேயே இதற்குப் பக்கத்தில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: சின்னக் குழந்தைகள் பழகாத இசையையும் தயக்கமில்லாமல் ஏற்கிறார்கள், பள்ளியில் வளர வளரத்தான் "இது என்ன பாட்டு" என்ற உதட்டுப் பிதுக்கல் வருகிறது. ஆக, நாலிலிருந்து ஏழு வயதுவரை உங்கள் கையில் கிடைப்பது ஓர் அரிய காலம். அந்தக் காலத்தில் ஒரு குழந்தை எத்தனை வரிசை முடித்தது என்பதைவிட எத்தனை விதமான இசை அதன் காதில் விழுந்தது என்பதுதான் கணக்கு. ஹுக்கும் கேட்கும் குழந்தைக்கு ஆட்டுக்கால் கோவிலின் தோற்றம் பாட்டும் பிடிக்கும், செண்டையின் பஞ்சாரியும் பிடிக்கும், ஆஹிரியும் பிடிக்கும். அதற்கு இன்னும் வேலி தெரியாது. அந்த வேலியை நாம் முதல் வகுப்பிலேயே நட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

"சம்பிரதாயம் என்று ஒன்று இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். சம்பிரதாயத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

முத்துசுவாமி தீட்சிதரை (1775–1835) விடப் பெரிய சாட்சி வேண்டாம். மணலியில் இருந்த இளமைக் காலத்தில் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட் வாசித்த மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அன்றைக்கு அது பட்டாளத்துப் பாட்டு, ஆட்டத்துப் பாட்டு. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நாற்பதுக்கு அருகில் இருக்கின்றன. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில் 'ஸந்ததம் பாஹிமாம்'. இன்றைக்கு எல்கேஜியில் நட்சத்திரப் பாட்டாக ஒலிக்கும் அதே மெட்டில் 'ஷ்யாமளே மீனாக்ஷி'. இரண்டாவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அந்த மெட்டு சங்கராபரணத்தின் ஸ-வில் தொடங்கி த-வரை போய்த் திரும்பிவிடும். மொத்தம் ஆறு ஸ்வரம். நாலைந்து வயதுக் குழந்தையின் குரல் சிரமமில்லாமல் போய் வருவதும் ஏறத்தாழ அந்த ஆறு ஸ்வரத்துக்குள்தான். சரளி வரிசையின் முதல் வரியோ மேல் ஸட்ஜம்வரை முழு ஸ்தாயியையும் ஒரே மூச்சில் ஏறச் சொல்கிறது. பாயில் எழும் அந்த முனகலுக்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்தத் தொண்டைக்குப் படி உயரம்.

இரண்டாவது சாட்சி நம் ஊர்க் கல்லூரியிலேயே இருக்கிறார். தைக்காட்டில் இருக்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி 1939-ல் மியூசிக் அகாடமியாகத் தொடங்கியபோது முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் ரசிகர்கள் சீட்டு எழுதிக் கேட்டு வாங்கிய 'இங்கிலீஷ் நோட்' அவர் போட்டதுதான். அவருக்குப் பின் வந்தவர் செம்மங்குடி. அறுபதுகளின் நடுவில் வந்து சேர்ந்தவர் ஜி.என்.பி. 1940-ல் வந்த 'சகுந்தலை' படத்தில் எம்.எஸ். சகுந்தலை, ஜி.என்.பி. துஷ்யந்தன். அந்தக் காலத்துப் பிள்ளைகள் தெருவில் பாடித் திரிந்த சினிமாப் பாட்டின் கதாநாயகன் கல்லூரி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்லூரிக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

சிறுவயதில் இதே ஊரில் நீலகண்ட சிவனின் பஜனைகளில் ஊறி வளர்ந்து, இங்கேயே சமஸ்கிருதக் கல்லூரியில் படித்த ராமய்யா பிற்காலத்தில் பாபநாசம் சிவன் ஆனார். கச்சேரி மேடையில் இன்றும் பாடும் கிருதிகளை எழுதிய அதே கை, மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்துக்கும் எழுதியது.

எங்கள் கரமனைக்கு இன்னும் கிட்டே வருகிறேன். கரமனை கிருஷ்ணன் நாயரின் மகள் சித்ரா. வீட்டில் அப்பாவிடம் தொடங்கி, பிறகு ஓமனக்குட்டி டீச்சரிடம் முறையாகக் கற்றவர். டீச்சரின் அண்ணன் எம்.ஜி. ராதாகிருஷ்ணன்தான் அவரைச் சினிமாவில் பாடவைத்தவர். சித்ராவும் மனோவும் 1987-ல் 'எங்க ஊரு பாட்டுக்காரன்' படத்தில் பாடிய 'மதுர மரிக்கொழுந்து வாசம்' தமிழ்நாட்டுத் திருவிழா ஒலிபெருக்கிகளில் தேய்ந்துபோன ரெக்கார்டு. அதன் ராகம் மாயாமாளவகௌளை. நீங்கள் முதல் நாள் தொடங்கும் அதே மாயாமாளவகௌளை. ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த ராகத்தின் சின்ன ரிஷபம் அந்நியமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது நாள் முழுக்கக் கேட்கும் ரைம்ஸ் எல்லாம் பெரும்பாலும் சங்கராபரணத்தின் பெரிய ரிஷபம். அந்தச் சின்ன ரிஷபத்தை நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், ஆடத் தோன்றும் ஒரு பாட்டிலிருந்து எடுத்துக் காட்டினால் என்ன? இளையராஜா வேலையைப் பாதி முடித்துவைத்திருக்கிறார். மீதியை நீங்கள் முடிக்கலாம்.

எம்.ஜி. ராதாகிருஷ்ணன் திருவனந்தபுரம் வானொலியில் நடத்திய லளித சங்கீத பாடத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வரி வரியாகப் பாடிக் காட்டி, திருப்பிப் பாட இடம் விட்டு, அடுத்த வரிக்குப் போவார். சமையலறையில் இருந்தவர்களும் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்களும் கூடவே பாடிக் கற்றார்கள். மெல்லிசை ஒரு பாடமாக முடியும் என்பதை நம் ஊர் எப்போதோ நிரூபித்துவிட்டது. 'மணிச்சித்ரதாழ்' படத்தில் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக வரும் நாகவல்லியின் பாட்டைப் போட்டவரும் அவர்தான். இரண்டு மொழியில் வளரும் எங்கள் வீட்டுக் குழந்தைகள் அந்தப் பாட்டுக்குக் கொலுசு கட்டி ஆடுவதில் ஆச்சரியம் இல்லை.

இனி உங்கள் தரப்பின் நியாயத்துக்கு வருகிறேன். "இந்தக் காலத்துப் பாட்டின் வரிகளை நீங்களே கேட்டீர்களா? ஐந்து வயசுக் குழந்தை வாயில் வரவேண்டிய வார்த்தையா அது?" என்று ஒரு டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. குடி, வெட்டு குத்து, பெண்களைப் பற்றிய கொச்சை எல்லாம் இருக்கிறது. 2024-ல் 'ஆவேசம்' படம் வந்தபிறகு நம் ஊர் நர்சரி ஆண்டுவிழாக்களில் ரவுடிப் பாட்டுக்குக் கூலிங்கிளாஸ் போட்டு ஆடாத பிள்ளை கிடையாது. எனக்கும் அதில் சங்கடம் உண்டு.

இதற்கு அங்கன்வாடி ஒரு வழி காட்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில், அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று ஒரு மலையாளக் குழந்தை தன் அம்மாவிடம் மழலையில் கேட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஆசை பொல்லாதது என்று அரசு அதட்டவில்லை. கேட்டதை அப்படியே அள்ளிப் போடவும் இல்லை. அந்த ஜூன் மாதம் புதிய உணவுப் பட்டியல் வந்தது. முட்டை பிரியாணி சேர்ந்தது, உப்பும் சர்க்கரையும் குறைந்தன, புரதம் கூடியது. பாட்டிலும் இதைத்தான் கேட்கிறேன். குழந்தை கொண்டுவரும் பாட்டிலிருந்து மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகள் சரியில்லை என்றால் அகாரத்தில் பாட வையுங்கள், ஸ்வரமாகப் பாட வையுங்கள், அல்லது அந்தக் குழந்தையின் பெயரையும் அது சாப்பிட்ட தோசையையும் வைத்துப் புது வரி கட்டச் சொல்லுங்கள். தீட்சிதர் செய்ததும் ஏறத்தாழ அதுதான்: மெட்டு இருக்கட்டும், சொல் நம்முடையதாகட்டும்.

குழந்தைகளுக்கான பாட்டை யார் போடுவது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். இந்த நகரத்தின் புகழ்பெற்ற பாட்டு எது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்பார்கள். 1813-ல் பிறந்த சுவாதித் திருநாளைத் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி எழுதிய தாலாட்டு. தொட்டிலுக்குப் பாட்டுக் கட்டுவது பெரிய வாக்கேயகாரருக்கு இழுக்கு இல்லை என்றிருந்த ஊர் இது. இன்றைக்கு அந்த வேலையை அனிமேஷன் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. சென்னையில் 2013-ல் தொடங்கிய சூச்சூ டிவி உலகம் முழுக்கத் தொட்டில்களை ஆட்டுகிறது. கொரியாவின் பேபி ஷார்க்கை யூடியூபில் ஆயிரம் கோடிக்கும் மேல் பார்த்தாயிற்று. அவர்கள் குழந்தையை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்: நாலைந்து ஸ்வரம், திரும்பத் திரும்ப வரும் வரி, கையால் செய்ய ஓர் அசைவு. நீங்கள் கவனித்தால் இதைவிட நன்றாகவே செய்வீர்கள். அழ. வள்ளியப்பாவின் பாட்டுகள் இருக்கின்றன, குஞ்ஞுண்ணி மாஷின் குட்டிக் கவிதைகள் இருக்கின்றன. அலங்காரத்தின் ஏழு தாளத்திலும் இவற்றை உட்கார்த்திப் பாருங்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் குழந்தைக்கு, பொருள் புரியாத கீதத்துக்கு முன்னால், பொருள் புரிந்து சிரித்துக்கொண்டே பாட ஏதாவது வேண்டும்.

இதெல்லாம் சரி என்று பட்டால், முதல் சில மாதங்களை இப்படி அமைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். சுருதியைக் குழந்தைக்காகத் தேர்ந்தெடுங்கள். மாஷின் ஒரு கட்டையும் டீச்சரின் ஐந்து கட்டையும் பெரியவர்களின் வசதிக்கு வந்தவை. குழந்தை தானாகப் பாடும்போது எங்கே நிற்கிறதோ அங்கே ஆப்பைத் திருகி வையுங்கள். ஸ ரி க ம ப-வோடு கொஞ்ச காலம் நிறுத்துங்கள், மேல் ஸட்ஜம் எங்கும் ஓடிப் போகாது. எழுதவே தெரியாத குழந்தையை ஸ்வரக் குறிப்பைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள், நோட்டு அடுத்த வருஷம் வரட்டும். ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் சம்மணம் போட வைப்பதற்குப் பதில், வாரத்தில் இரண்டு தடவை அரை மணி நேரம் நடந்து, தட்டி, குதித்துப் பாடட்டும். சினிமாப் பாட்டுக்கே ஆதிதாளம் போடக் கற்றுக்கொடுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று 'ஹுக்கும்' பாட்டுக்கு எண்ணிக்கை பிடிபட்ட பையனுக்கு வர்ணத்துக்குப் பிடிபடாமல் போகாது. ஒவ்வொரு வகுப்பின் கடைசி ஐந்து நிமிஷமும் நீங்கள் பாடுங்கள், அவர்கள் கேட்கட்டும். அந்த வயதுக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டாம். தோடியோ சஹானாவோ, உங்களுக்குப் பிடித்ததைப் பாடுங்கள். அவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பாடிக் காட்டியதற்கு அதுதான் சரியான பதில்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிடித்த பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்றால், வகுப்பை கரோக்கே மேடையாக மாற்றுங்கள் என்று அர்த்தம் இல்லை. அந்த நோய் எங்களிடமிருந்துதான் உங்களிடம் வருகிறது, தெரியும். 1957-ல் தொடங்கிய பள்ளிக் கலோல்சவம் கேரளத்தின் பெருமை. 2025 ஜனவரியில் நம் ஊரிலேயே நடந்தபோது பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடை மேடையாக நானும் சுற்றினேன். அந்தக் கலோல்சவத்தின் விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, எல்பி வகுப்புக் குழந்தைகளுக்குப் போட்டி உபஜில்லாவோடு முடிகிறது என்பது. சின்னப் பிள்ளைகளை மாவட்டம், மாநிலம் என்று இழுத்தடிக்க வேண்டாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். டீவிக்கு அந்த யோசனை இல்லை. மலையாளத்திலும் தமிழிலும் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி வருஷக்கணக்காக ஓடுகிறது. நடுவர் அழ, அம்மா அழ, கேமரா குழந்தையின் முகத்துக்குக் கிட்டே போகிறது. நடன நிகழ்ச்சிகளில் வயதுக்கு மீறிய அசைவுகளைக் குழந்தைகளைக் கொண்டு செய்ய வைக்காதீர்கள் என்று மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 2019 ஜூனில் சேனல்களுக்கு எழுத வேண்டியிருந்தது. ஆகவே, "இவளை எப்போது மேடையேற்றலாம்" என்று நாங்கள் வந்து நிற்கும்போது, "இப்போதைக்கு இல்லை" என்று சொல்லுங்கள். கட்டணம் போய்விடுமோ என்று பயப்படாமல் சொல்லுங்கள்.

"சங்கீதம் படித்தால் கணக்கு நன்றாக வருமா" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சின் மூலம் 1993-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சின்ன ஆய்வு. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிஷம் மோட்சார்ட் கேட்டார்கள். வடிவங்களை மனதில் மடித்துப் பார்க்கும் ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வந்தது. அந்த விளைவு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. குழந்தைகள் யாரும் அதில் இல்லை. அதிலிருந்துதான் கர்ப்பிணிகளுக்கான சிடி வரை வியாபாரம் வளர்ந்தது. பாட்டு சொல்லித்தருவதற்குக் காரணம் பாட்டே போதும். நவராத்திரி மண்டபக் கச்சேரியில் கைதட்டல் கிடையாது. பாடுகிறவர் பாடி முடித்து எழுந்து போகிறார். பரிசும் மதிப்பெண்ணும் இல்லாமலே ஒரு பாட்டு முழுமையாக இருக்க முடியும் என்று சொல்ல இந்த ஊரில் வேறு உதாரணம் தேட வேண்டாம். அந்த மண்டபமும் மாறாமல் இருக்கவில்லை. பெண்கள் அங்கே பாடியதில்லை என்ற வழக்கம் 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் டீச்சர் உட்கார்ந்து பாடிய அன்று முடிந்தது. மண்டபத்தின் கண்ணியம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

உங்களிடம் இவ்வளவு கேட்டபிறகு எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். எல்லாப் பெற்றோருக்காகவும் பேச எனக்கு உரிமை இல்லை. எங்கள் திண்ணையில் உட்காரும் நாங்கள் பேசி ஒப்புக்கொண்டவை இவை. முதல் வருஷத்தில் "எத்தனை கீதம் ஆச்சு" என்று கேட்க மாட்டோம். விருந்தாளி வந்தால் "அந்த வரிசையைப் பாடிக் காட்டு" என்று குழந்தையை நடுக்கூடத்தில் நிறுத்த மாட்டோம். காரில் எங்கள் பாட்டு ஒன்று, குழந்தையின் பாட்டு ஒன்று, நீங்கள் சொல்லும் பாட்டு ஒன்று என்று முறை வைத்துப் போடுவோம். ஜனவரியில் குதிரமாளிகையில் சுவாதி சங்கீதோற்சவம் நடக்கும்போது கூட்டிக்கொண்டு வருவோம். குழந்தை அரைமணி நேரத்தில் எழுந்து ஓடினால் நாங்களும் பின்னாலேயே ஓடுவோம், அதட்டி உட்கார வைக்க மாட்டோம். வீட்டில் நாங்களும் பாடுவோம். அபஸ்வரமாக இருந்தாலும் பாடுவோம், ஏனென்றால் குழந்தைக்குப் போனில் வரும் குரலைவிட வீட்டுக் குரல் நெருக்கம்.

சொன்னவற்றில் சில உங்களுக்கு நடைமுறைக்கு ஒத்துவராமல் இருக்கலாம். ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சுருதி எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். பத்துப் பிள்ளையும் பத்துப் பாட்டைக் கொண்டுவந்தால் வகுப்பு சந்தையாகாதா என்று கேட்பீர்கள். இவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை, உங்கள் அனுபவத்தில்தான் இருக்கும். எது முடியாது, ஏன் முடியாது என்று எங்களிடம் சொல்லுங்கள். திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்து பேசத் தயார். ஆனால் "இவனுக்கு ஞானம் போதாது" என்று இனி ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்கு முன், அது தனக்குப் பிடித்த பாட்டைப் பாடி ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க எங்களால் முடியாது.

அன்புடன்,
கரமனையிலிருந்து ஓர் அம்மா